அம்மம்மாவின் சிம் சாகக் கூடாது

சொறிக்கல்முனையில் வயதான ஒருவரிடம், "இந்தப் போனில இருந்து கடைசியா எப்ப கோல் எடுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிப்பார். பதில் வராது. "கடைசியா எப்ப கோல் வந்தது?" என்று கேட்டால் யோசனையே இல்லை. முந்தநாள் இரவு குவைத்திலிருந்து மகள் எடுத்தது, நேற்று வெட்டு மெசின்காரன் எடுத்தது, இன்று காலை வட்டவிதானை எடுத்து வாய்க்காலில் தண்ணீர் வருவதைச் சொன்னது எல்லாம் வரிசையாக வரும்.

இந்த ஊரில் கைபேசி பேசுவதற்கு மட்டும் வாங்கிய பொருள் அல்ல. பலருக்கு அது கேட்பதற்கான பொருள். அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ சாமிப் படத்துக்குக் கீழேயோ சார்ஜ் போட்டபடி கிடக்கும் அந்தப் பட்டன் போனிலிருந்து மாதத்துக்கு ஒரு அழைப்புப் போனால் அதிகம். ஆனால் ஒருநாள் அது அடிக்காமல் போனால் வீட்டில் எல்லாரும் அந்தரப்படுவார்கள்.

இந்தப் போன்களுக்கு ரீலோட் போடும் கணக்குத்தான் இந்த வாரக் கட்டுரை. சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு இதில் பணமும் வரியும் சட்டமும் இருக்கின்றன.

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம் தொடங்குகிறது. சவளக்கடையும் சொறிக்கல்முனையும் அந்தப் பக்கம். கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரில் விளையும் வயல்கள், செப்டெம்பரில் திருவிழாக் காணும் திருச்சிலுவைத் திருத்தலம், மாரி வந்தால் வெள்ளம், எப்போது வேண்டுமானாலும் யானை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற கரையோர முஸ்லிம் ஊர்களோடு இந்த ஊர்களுக்கு நெல்லிலும் மீனிலும் கூலியிலும் தினசரி உறவு. அந்த உறவின் நடுவில் தாம்போதி கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் அந்தப் பக்கத்து ஆசுபத்திரியும் கடைத்தெருவும் தூரமாகிவிடும். அந்த நாட்களில் ஒரு போன் என்ன பெறுமதி என்று கொழும்பில் உட்கார்ந்து பக்கேஜ் வரைபவருக்குச் சொன்னால் புரியுமா தெரியாது. இரவில் வேலிக்குள் யானை நின்றால் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோவென்றால் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வருடத்தில் ஒருமுறை எடுக்கும் கோல்தான். ஆனால் அந்த ஒரு கோலுக்காகத்தான் மற்ற 364 நாளும் போன் உயிரோடு இருக்கிறது.

கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். இத்தனை ஜிபி, அதற்கு மேல் யூடியூப் தனி, வட்ஸ்அப் தனி, எந்த நெட்வேர்க்குக்கும் அளவில்லாத அழைப்பு, முப்பது நாள். எல்லாம் அதிகமாகப் பாவிப்பவருக்கு மலிவு. பாவிக்காதவருக்கு என்ன விலை என்று ஒரு விளம்பரமும் சொல்வதில்லை. அளவில்லாத அழைப்பை வாங்கி அம்மம்மா என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த இலக்கங்கள் மொத்தம் நாலோ ஐந்தோ.

ரிங் கட் காலம்

கைபேசி வருவதற்கு முன் இந்தப் பகுதி எப்படிப் பேசியது என்பதை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் கசெட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லாரும் சுற்றியிருந்து கேட்டு அழுதுவிட்டு, பதில் கசெட் பதிவார்கள். பிறகு கல்முனை நகரில் கொமினிகேசன்கள் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடியே பேச வேண்டும். மகள் எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே கடிதத்தில் எழுதி, அந்த நேரத்துக்குப் போய்க் காத்திருக்கும் ஏற்பாடும் இருந்தது. 067 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி இருந்தவர் ஊரில் பெரிய மனிதர்.

இலங்கையில் முதல் கைபேசிச் சேவை 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு தொடங்கியது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல். 1993இல் மொபிடெல், 1995இல் டயலொக். அவை எல்லாம் முதலில் கொழும்பின் பொருள்கள். 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் வடக்கு கிழக்கில் கோபுரங்கள் பரவலாக எழுந்தன. அந்தத் தொடக்க காலத்தில் வரும் அழைப்புக்கும் காசு வெட்டினார்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். யாரோ நம்மை அழைத்ததற்கு நாம் காசு கட்டினோம்!

கதையை மாற்றியது முற்கொடுப்பனவு, அதாவது முதலில் காசு, பிறகு பேச்சு. 1995இல் போர்த்துக்கலில் டிஎம்என் நிறுவனம் 'மிமோ' என்ற பெயரில் மறுபடி மறுபடி நிரப்பக்கூடிய முற்கொடுப்பனவு இணைப்பைக் கொண்டுவந்தது. மாதாந்தப் பில் இல்லை, வங்கிக் கணக்கு வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம். இலங்கையில் அது டயலொக்கின் 'கிட்' போன்ற பெயர்களில் வந்து சேர்ந்தது. காட் வாங்கி, நாணயத்தால் சுரண்டி, இலக்கத்தை அடித்தால் போன் பேசும். வட்டையில் கூலிக்கு நிற்பவருக்கும் கடற்கரையில் கரைவலை இழுப்பவருக்கும் போன் சொந்தமானது அந்தக் காட்டினால்தான். 2003இல் வந்த நொக்கியா 1100 இந்தக் காலத்தின் அடையாளம். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதன் தலையில் இருந்த டோர்ச், இரவில் வரம்பில் நடப்பவருக்குப் போனைவிடப் பெரிய காரணமாக இருந்தது.

காட்டில் காசு மிச்சம் பிடிக்க ஊரே கண்டுபிடித்த உபாயம் ரிங் கட். ஒரு தடவை அடித்து வெட்டினால் "வந்து சேர்ந்துவிட்டேன்". இரண்டு தடவை என்றால் "நீ எடு". காசே செலவாகாமல் ஒரு முழு மொழி ஓடியது. இதை நிறுவனங்கள் அப்போது திருட்டுப்போலப் பார்த்தன. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா நிறுவனம் 2006இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்ற ஐந்து நாடுகளில், வருமான ஏணியின் கீழ்ப்படிகளில் இருப்போர் தொலைபேசியை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. அதன் நிறுவுநர் ரொஹான் சமரஜீவ, முன்பு இலங்கையின் தொலைத்தொடர்புப் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர். தெற்காசியாவின் கைபேசி வியாபாரத்தை மலிவுக் கட்டண விமான சேவைகளோடு ஒப்பிட்டு விளக்கியவர் அவர். தலைக்குக் கிடைக்கும் வருமானம் சொற்பம், ஆனால் தலைகள் கோடிக்கணக்கில். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆகும் செலவைக் குறைத்துக் குறைத்து, அந்தச் சொற்பத்திலிருந்தே லாபம் எடுப்பது.

இதே யோசனையைக் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவில் எப்போதோ செய்து காட்டிவிட்டார். போத்தல் வாங்க முடியாதவனுக்கு ஒரு பொட்டலம். பிலிப்பைன்ஸில் ஸ்மார்ட் நிறுவனம் 2003இல் மிகச் சிறு தொகைகளை இலத்திரனியல் முறையில் நிரப்பும் வசதியைக் கொண்டுவந்தபோது, அதன் பின்னாலிருந்ததும் இந்தப் பொட்டலக் கணக்குத்தான். ஆக, இன்று நிமிர்ந்து நிற்கும் இந்த நிறுவனங்களைக் கட்டியெழுப்பியதில் ஐம்பது ரூபாய் ரீலோட்காரருக்குப் பெரும் பங்கு உண்டு. இதை நான் தயவு கேட்கும் தொனியில் சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

அழைப்பு இடம் மாறியது

பிறகு வட்ஸ்அப் வந்தது. வளைகுடாவில் இருப்பவர்களோடு முகம் பார்த்துப் பேச இமோ வந்தது. மகள் இப்போது குவைத்திலிருந்து எடுப்பது பேத்தியின் போனுக்கு. சாதாரண அழைப்பில் நிறுவனங்களுக்கு இருந்த வருமானம் மெலிய, டேட்டா விற்பதே தொழில் என்றாகிவிட்டது. பக்கேஜ்கள் அதற்கேற்ப மாறின. அதில் தவறொன்றும் இல்லை. தவறு எங்கே என்றால், டேட்டா வேண்டாதவர் எந்தக் கதவால் உள்ளே வருவது என்பதை யாரும் யோசிக்காமல் விட்டதில்.

அதற்கிடையில் அரசாங்கத்தின் கை. ரீலோட் மீதான வரி இலங்கையில் நீண்டகால அரசியல் விவகாரம். 2015 ஜனவரி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில், அந்த 25 வீத வரியை நிறுவனங்களே சுமக்க வேண்டும் என்று நிதியமைச்சர் ரவி கருணாநாயக்க அறிவித்தார். நிம்மதி நீடிக்கவில்லை. 2016 நவம்பரில் வற் வரி 15 வீதமானபோது மற்ற வரிகளும் சேர்ந்து, கட்டணத்தின் அரைவாசிக்குக் கிட்ட வரியாக ஏறியது. இடையில் இறங்கியது. நாடு வங்குரோத்தான 2022இல் தொலைத்தொடர்பு வரி மீண்டும் 15 வீதத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டெம்பரில் கைபேசிக் கட்டணங்களை 20 வீதம் கூட்டத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்தது. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். நூறு ரூபாய் போடுபவருக்கும் இந்த வீதம், ஐயாயிரம் கட்டுபவருக்கும் இதே வீதம்.

இலக்கம் போனால்

காசைவிடப் பெரிய பிரச்சினை காலக்கெடு. ரீலோட்டோடு ஒரு தேதியும் சேர்ந்து வருகிறது. அந்தத் தேதிக்குள் பாவிக்காவிட்டால் மீதிக் காசு போகும். அதன் பிறகும் நெடுநாள் எதுவும் போடாவிட்டால் இலக்கமே போகும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அதுவும் யாரும் வாசிக்காத நிபந்தனைகளுக்குள் எங்கோ இருக்கும்.

இலக்கம் போவதென்றால் இன்று என்ன அர்த்தம்? முன்பு பிள்ளைகளிடம் புது இலக்கத்தைச் சொன்னால் முடிந்தது. இப்போது வங்கிக் கணக்கு அந்த இலக்கத்தில். ஓடிபி வருவது அந்த இலக்கத்துக்கு. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை கொண்டுவந்தபோது, கைபேசி இலக்கம் இல்லாமல் பதியவே முடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீற்றர் பெற்றோல் அடிக்கவும் அப்போது சிம் வேண்டியிருந்தது. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்குப் போகிறது, அந்தக் கணக்கின் செய்தி போனுக்கு வருகிறது. செயலிழந்த இலக்கத்தை நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்கு விற்கலாம். அப்போது அம்மம்மாவின் வங்கிச் செய்தி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் அடிக்கும். கட்டாரிலிருந்து மகன் எடுத்தால், "ஆர் பேசுறது?" என்று ஒரு வேற்றுக்குரல் கேட்கும்.

அரிதாகக் கோல் எடுப்பவர்கள் என்றால் கிழவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஊர்ச் சிம் ஒன்றை வைத்திருக்கிறார். இங்கே வங்கிக் கணக்கு இருக்கும்வரை அந்த இலக்கம் வேண்டும். தோஹாவிலோ ரியாத்திலோ பழைய போனொன்றில் அதைப் போட்டு, ஓடிபிக்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார். இந்தக் கரையோரத்தில் ஒரு வீட்டுக்கு ஒருவராவது அப்படி உண்டு. நாட்டுக்கு டொலர் அனுப்புபவரின் சிம், இரண்டு ரீலோட்டுக்கு இடையில் சாகக் கூடாதல்லவா?

நிறுவனங்களுக்கும் நியாயம் இருக்கிறது. இலக்கங்கள் முடிவில்லாத சொத்தல்ல. கோபுரத்துக்கு மின்சாரமும் டீசலும் வேண்டும். சும்மா கிடக்கும் சிம்முக்கும் வலையமைப்பில் இடம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோல் எடுக்காதவர் ஓசியில் இருக்கிறார் என்பதை ஒப்ப முடியாது. அவரை அழைப்பவர் காசு கட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வரும் சாதாரண அழைப்பு ஒவ்வொன்றையும் உள்ளூரில் சேர்ப்பிப்பதற்கு இங்குள்ள நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. எடுக்க ஆளில்லாத இலக்கத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

அங்கே நடந்தது

இதே சிக்கல் இந்தியாவில் இன்னும் சத்தமாக வெடித்தது. 2005இன் கடைசியில் அங்கே 'வாழ்நாள்' சிம்கள் வந்தன. ஏர்டெல் 999 ரூபாய்க்கு விற்றது. யாருடைய வாழ்நாள் என்ற கேள்வி எழுந்தது. வாங்கியவரின் ஆயுள் அல்ல, நிறுவனத்தின் உரிமம் இருக்கும்வரை என்று பிறகுதான் விளங்கியது. ஜோதிடர்கூட இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசமாட்டார்.

2013இல் அந்நாட்டின் ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் உருப்படியான ஒரு விதியை இட்டது. தொடர்ந்து 90 நாள் பாவிக்காமல் இருந்தால்தான் முற்கொடுப்பனவு இணைப்பைத் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், அந்த 20 ரூபாயை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட வேண்டும். துண்டித்த பின்னும் 15 நாள் தவணை. பாவிக்காதவருக்கு இலக்கம் வைத்திருக்கும் விலை அங்கே சட்டத்திலேயே எழுதப்பட்டது. என் கண்ணுக்கு இந்தக் கதையிலேயே மிக நல்ல இடம் இதுதான்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும், 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சேவை என்றன. சிம்மைச் சட்டைப்பையில் வைத்திருப்பதற்கே வாடகை. 28 நாள் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதமல்ல, பதின்மூன்று. 2023 தொடக்கத்தில் ஏர்டெல்லின் அந்த ஆகக் குறைந்த தொகை பல வட்டாரங்களில் 155 ரூபாய்க்கு ஏறியிருந்தது. அதற்குள் டேட்டாவும் இருந்தது, வேண்டாம் என்றாலும் வாங்கத்தான் வேண்டும்.

கடைசியில் 2024 டிசம்பரில் டிராய் மறுபடி தலையிட்டது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ஒரு திட்டமாவது ஒவ்வொரு நிறுவனமும் விற்க வேண்டும், சிறப்புத் திட்டங்களின் காலம் 90 நாளிலிருந்து 365 நாள்வரை போகலாம் என்றது. இன்னும் பட்டன் போன் வைத்திருப்போர் சுமார் 15 கோடிப் பேர் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், ஒரு வருடத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. டேட்டாவை எடுத்தார்கள், விலையைப் பெரிதாக எடுக்கவில்லை. அளவில்லாத பேச்சை அப்படியே வைத்து, பேசாதவரிடம் விற்கிறார்கள். அரைக் கிணறு தாண்டிய கதைதான். ஆனாலும் ஓர் ஆணையம் சொன்னால் நிறுவனங்கள் செய்யும் என்பது நிரூபணமாகிவிட்டது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை வீட்டில் உள்ள இளையவர்கள் சில வேலைகளைச் செய்யலாம். முதலில் சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ வாங்கிக் கொடுத்த மருமகன் பெயரில் இருக்கும், அவர் இப்போது டுபாயில் இருப்பார். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தை மீண்டும் எடுக்க உரியவரே வர வேண்டிவரும். ஆகவே வயதானவரை ஒருநாள் கூட்டிப்போய் அவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள். இரண்டாவது, காசு கரைகிறதென்றால் எதற்கென்று விசாரியுங்கள். அம்மம்மா எங்கோ ஒரு பட்டனை அமுக்கியதில் ராசிபலனும் ரிங்கிங் டோனும் செய்திச் சேவையும் தினமும் சில ரூபாய் தின்றுகொண்டிருக்கலாம். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போனாக இருந்தால் டேட்டாவை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் போட்ட நூறும் இரவோடிரவாக அப்டேட்டுக்குப் போய்விடும்.

பெரிய தொகையை ஒரே தடவையாகப் போடுவதா, சிறு தொகையை அடிக்கடி போடுவதா என்பதற்கு உங்கள் நிறுவனத்தின் காலக்கெடுவைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அந்தக் காலக்கெடுவை வாயால் கேட்காமல் எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதியைக் கலண்டரில் எழுதி, பெருநாளோ தைப்பொங்கலோ திருச்சிலுவை விழாவோ வீட்டில் மறக்காத ஒரு நாளோடு சேர்த்து ரீலோட்டைப் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இணையத்தில் இருந்தே ஊர் இலக்கத்துக்குப் போடலாம். பலர் போடுகிறார்கள். வங்கியில் கொடுத்த இலக்கம் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் வருடத்துக்கொருமுறை பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாம் வீட்டுக் கைவைத்தியம். வருத்தத்துக்கு மருந்து ஆணைக்குழுவிடம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 1996 திருத்தமும் உருவாக்கிய இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கும் இடம். 2010இல் நிறுவனங்கள் போட்டிபோட்டு விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கியபோது, இதற்குக் கீழே போகக்கூடாது என்று அடிமட்டக் கட்டணம் விதித்தது அதே ஆணைக்குழுதான். நிறுவனங்களைக் காப்பாற்ற அடிக்கோடு போடத் தெரிந்தவர்களுக்கு, பாவனையாளரைக் காப்பாற்ற ஒரு மேற்கோடு போடுவது கடினமில்லை.

கேட்பது அதிகமில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை கட்டினால் இலக்கம் ஒரு வருடம் உயிரோடு இருக்க வேண்டும். அதில் டேட்டா வேண்டாம், அளவில்லாத பேச்சும் வேண்டாம். மீதிக் காசு அடுத்த வருடத்துக்குச் சேர வேண்டும். துண்டிக்குமுன் தமிழிலோ சிங்களத்திலோ, அவரவர் மொழியில், எழுத்தில் மட்டுமல்லாமல் குரலிலும் அறிவிக்க வேண்டும். எஸ்எம்எஸ் வாசிக்கத் தெரியாத பலரும் இந்தச் சிம்களை வைத்திருக்கிறார்கள். முதியோருக்கும் அஸ்வெசும பெறுவோருக்கும் இந்த ஒரு பக்கேஜில் தொலைத்தொடர்பு வரியைத் தள்ளிவிடுவதால் திறைசேரி கவிழ்ந்துவிடாது.

நாவிதன்வெளி, சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து முதியோர் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் சேர்ந்து இதை ஒரு கடிதமாக எழுதி அனுப்பலாம். பிரதேச சபையில் ஒரு பிரேரணையாகவும் கொண்டுவரலாம். தனியாக முறையிட விரும்புபவர்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக அழைக்கலாம். இலக்கம் 1900.